உண்மை என்று அச்சிட்ட பக்கம்

வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகும் பஸ், கொடைக்கானல் மலையை வலப்பக்கமாகவே வைத்துக்கொண்டு ஓடும். மலைக்குப் போகும் வண்டிகள் திரும்புகிற காட்ரோடு பிரிவை ஒட்டிய ஊர் கெங்குவார்பட்டி. தென்னை, மா, நெல் எல்லாம் மஞ்சளாற்றுத் தண்ணீரை நம்பி நிற்கும் பூமி. 2005 மே மாதம், மாங்காய் லாரிகள் ராத்திரி பகல் பாராமல் ஓடிக்கொண்டிருந்த நாட்களில், இந்த ஊர்க்காரரான வரலாற்று ஆசிரியர் ஒருவர் மொட்டைமாடிக்கு ஒயர் இழுத்து ஒரு பல்பை மாட்டினார். மதுரையில் நடைபாதைக் கடையில் வாங்கி வந்த ஆங்கில நாவல் ஒன்று கையில் இருந்தது. பத்துப் பக்கம் படித்துவிட்டுத் தூங்கலாம் என்று உட்கார்ந்தவர், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட மனைவி எழுந்து வந்தபோதும் உட்கார்ந்தேதான் இருந்தார்.

டேன் பிரவுன் எழுதிய ‘டா வின்சி கோட்’ அது. 2003 மார்ச்சில் அமெரிக்காவில் வெளியாகி, சில ஆண்டுகளுக்குள் உலகம் முழுக்க எட்டுக் கோடிப் பிரதிகள் விற்ற நாவல். 2004-லேயே லெபனானில் தடை செய்யப்பட்டிருந்தது. ஆசிரியருக்கு இந்த விவரமெல்லாம் பிறகு தெரிந்தவை. அந்த ராத்திரியில் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் ஒரு காப்பாளர் சுடப்பட்டுக் கிடக்கிறார். உயிர் பிரிவதற்குள் தன் உடம்பையே ஒரு குறிப்பாக மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் குறிப்பை அவிழ்க்க ஒரு பேராசிரியரும் இறந்தவரின் பேத்தியும் ஓடுகிறார்கள். அவர்களைப் போலீஸும் துரத்துகிறது, கொலையாளியும் துரத்துகிறான்.

இந்த ஓட்டம் அவருக்குப் புதிதல்ல. எண்பதுகளில் கல்லூரி படிக்கும்போது வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கிய மாத நாவல்களில் வளர்ந்தவர் அவர். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று வரிசையாக வாங்கி, ஊர் வந்து சேர்வதற்குள் பாதியை முடித்திருப்பார். வாராவாரம் சுஜாதாவின் கணேஷும் வசந்தும் எந்த வாசலில் நின்றபடி ‘தொடரும்’ போட்டார்களோ, அந்த வாசலிலேயே ஏழு நாள் காத்துக் கிடந்தவர். டேன் பிரவுன் கையாண்டதும் அதே தொழில்தான். முன்கதையும் பின்கதையும் போக 105 அத்தியாயங்கள். பல அத்தியாயங்கள் மூன்று நான்கு பக்கத்தில் முடிந்துவிடும். ஒவ்வொன்றும் ஒரு கதவு திறக்கும் நொடியிலோ, ஒரு பெயர் வெளிவரப் போகும் நொடியிலோ அறுந்து நிற்கும். ஒரு வாரம் காத்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டினால் போதும் என்பதுதான் வித்தியாசம். கிட்டத்தட்ட முழுக்கதையும் ஒரு ராத்திரியிலும் அடுத்த பகலிலும் நடந்து முடிகிறது. அகராதியைத் தொடையில் வைத்துக்கொண்டு படித்த ஒரு கிராமத்து ஆசிரியரையும் அந்த வேகம் இழுத்துக்கொண்டு போயிற்று.

முதல் உணர்ச்சி அதனால் நன்றிதான். ஆங்கில நாவல் ஒன்றை ஒரே இருப்பில் முடித்தது அவர் வாழ்க்கையில் அதுவே முதல் முறை.

இரண்டாவது உணர்ச்சி காலையில் வந்தது. காபி குடித்துவிட்டுப் புத்தகத்தை மறுபடியும் முன்னாலிருந்து புரட்டினார். கதை தொடங்குவதற்கு முன்னால் ‘உண்மை’ என்ற தலைப்பில் ஒரு பக்கம் இருந்தது. ராத்திரி அவசரத்தில் அதைத் தாண்டிப் போயிருந்தார். சீயோன் மடம் என்ற ரகசியச் சங்கம் 1099-ல் தொடங்கப்பட்ட உண்மையான அமைப்பு என்றும், நாவலில் வரும் ஓவியங்கள், கட்டடங்கள், ஆவணங்கள், ரகசியச் சடங்குகள் பற்றிய வர்ணனைகள் எல்லாம் சரியானவை என்றும் அந்தப் பக்கம் உறுதி கொடுத்தது.

நாவலில் ஒரு பாத்திரம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். இயேசு மகதலா மரியாவை மணந்தார், அவர்களுக்குச் சந்ததி உண்டு, திருச்சபை அதை மறைத்தது, ஒரு ரகசியச் சங்கம் காத்து வந்தது என்பதெல்லாம் கதையில் வரும் ஆட்களின் வாய்ப்பேச்சு. அந்தப் பக்கத்தில் பேசுவதோ எந்தப் பாத்திரமும் இல்லை. அட்டையில் பெயர் போட்டவர் பேசுகிறார். இருபது வருடமாகக் கரும்பலகையில் ஆண்டுகளை எழுதிப் போட்டு, ஒரு ஆண்டு தப்பினாலும் ஒரு மதிப்பெண்ணைக் குறைத்து வந்தவருக்கு, அந்த ஒரு பக்கம் நாவலின் மற்ற நானூற்றுச் சொச்சம் பக்கங்களைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

ஒரு ஃபுல்ஸ்கேப் தாளை எடுத்து மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தார். சரிபார்க்கச் சரிபார்க்க ஒவ்வொன்றாக எழுதலாம் என்று முடிவு செய்தார்.

கெங்குவார்பட்டியில் உட்கார்ந்துகொண்டு பாரிஸைச் சரிபார்ப்பது லேசான வேலையில்லை. அவருக்குத் துணை நின்றவர் அதே பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்த ஓர் ஆசிரியை. கம்பம் பள்ளத்தாக்கில் கத்தோலிக்கர் நிறைந்த ராயப்பன்பட்டிதான் அவர் பிறந்த ஊர். டீச்சரின் சித்தப்பா பாதிரியார். கொடைக்கானல் மலையில், கெங்குவார்பட்டியின் தலைக்கு மேலே என்றே சொல்லலாம், செண்பகனூரில் 1895-லிருந்து இயேசு சபையாரின் திருஇருதயக் கல்லூரி இருக்கிறது. அந்த வட்டாரப் பழக்கத்தில் சித்தப்பா இரவல் வாங்கிக் கொடுத்த திருச்சபை வரலாற்று நூல்கள் டீச்சர் கை வழியாகச் சாருக்கு வந்தன. டீச்சர் அப்போது நாவலைப் படித்திருக்கவில்லை. “தப்பைக் கண்டுபிடிக்கத்தான கேக்குறீங்க, தாராளமா எடுத்துக்கங்க சார்” என்று சொல்லிக் கொடுத்தார்.

தாள் நிரம்பத் தொடங்கியது. சீயோன் மடம் 1099-ல் பிறந்தது இல்லை. 1956-ல் பிரான்சில் பியேர் பிளாண்டார் என்பவர் பதிவு செய்த சங்கம் அது. அதற்குப் பழம்பெருமை காட்டும் தாள்களை அவரும் கூட்டாளிகளும் புனைந்து, அறுபதுகளில் பாரிஸ் தேசிய நூலகத்தில் சேர்த்து வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அவற்றை ‘கண்டெடுத்தார்கள்’. நூலகத்தில் இருப்பதாலேயே ஒரு தாள் ஆதாரமாகிவிடாது என்று மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் அவருக்கு அதுவரை கிடைத்ததில்லை.

அடுத்தது நிசேயா. கி.பி. 325-ல் கான்ஸ்டன்டைன் பேரரசர் கூட்டிய அந்தச் சங்கத்தில்தான் இயேசு கடவுள் என்பது வாக்கெடுப்பில், அதுவும் சிறிய வித்தியாசத்தில், முடிவானது என்கிறார் நாவலின் ஆங்கிலேயப் பாத்திரம். அங்கே கூடிய ஆயர்கள் ஏறத்தாழ முந்நூறு பேர். முடிவில் கையெழுத்துப் போட மறுத்தவர்கள் இரண்டே பேர். இயேசுவைக் கடவுளாக வணங்குவதும் அங்கே புதிதாகப் பிறந்ததில்லை. தந்தைக்கும் மகனுக்கும் உள்ள உறவை எப்படிச் சொல்வது என்பதுதான் ஆரியஸ் என்ற குரு எழுப்பிய வழக்கு. நாவல் ஆதாரம் காட்டும் சாக்கடல் சுருள்கள் கிடைக்கத் தொடங்கியது 1947-ல். நாவல் ஐம்பதுகள் என்கிறது. அந்தச் சுருள்களில் இயேசுவைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. சூனியக்காரிகள் என்று பெயர் சூட்டித் திருச்சபை ஐம்பது லட்சம் பெண்களை எரித்தது என்று நாவல் சொல்கிறது. வரலாற்றாளர்கள் ஆவணங்களைக் கொண்டு கணக்கிடுவது நாற்பதாயிரம் முதல் அறுபதாயிரம் பேர் வரை. அவர்களில் ஆண்களும் உண்டு. தண்டனை கொடுத்தவற்றில் ஊர் நீதிமன்றங்களே மிகுதி. இந்த இடத்தில் ஆசிரியர் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். நாற்பதாயிரம் என்பதே நெஞ்சை அடைக்கிற கணக்கு. அதை நூறு மடங்குக்கு மேல் ஊதிக் காட்டியதால், செத்துப் போன உண்மையான பெண்களுக்கு என்ன மரியாதை கிடைத்தது என்று அவருக்குக் கோபம் வந்தது.

சின்னத் தவறுகளும் இருந்தன. லூவர் முற்றத்துக் கண்ணாடிப் பிரமிடில் 666 கண்ணாடிகள் என்கிறது கதை. அருங்காட்சியகம் சொல்வது 673. ஓபஸ் தேயி என்ற கத்தோலிக்க அமைப்பின் துறவி ஒருவன் கதையில் கொலை செய்கிறான். 1928-ல் ஸ்பெயினில் தொடங்கிய அந்த அமைப்பில் துறவிகளே கிடையாது. மெரோவிங்கியர் என்ற அரச வம்சத்தார் பாரிஸை நிறுவினார்கள் என்கிறது நாவல். அவர்களுக்கு முன்பே ரோமானியர் காலத்தில் அது நகரம். தலைப்பிலேயே ஒரு தவறு. வின்சி என்பது ஓவியர் 1452-ல் பிறந்த ஊர். கலை வரலாற்றாளர்கள் அவரை லியொனார்டோ என்றே குறிப்பிடுவார்கள். வெறும் ‘டா வின்சி’ என்றால், ஒருவருடைய பெயரை விட்டுவிட்டு ‘கெங்குவார்பட்டிக்காரர்’ என்று மட்டும் புத்தகத்தில் எழுதுவது போல.

தாளில் ஒன்பது எண்கள் ஆயின. ஒன்பதாவதை எழுதி முடித்தபோது, திருத்தியதால் வரும் திருப்தியைவிடக் கூடுதலாக ஒரு வருத்தம்தான் அவருக்கு இருந்தது. இத்தனையும் தெரிந்த பிறகும், நினைத்துப் பார்த்தால் அந்த லூவர் அத்தியாயங்கள் அப்படியே இனித்தன.

வேகமான கதை எப்படி ஒரு கருத்தை உள்ளே கொண்டு வந்து இறக்கிவிடுகிறது என்று யோசித்தபோது அவருக்கு வடுவூர் துரைசாமி ஐயங்கார் நினைவுக்கு வந்தார். ‘மேனகா’, ‘கும்பகோணம் வக்கீல்’ என்று தமிழ்நாட்டையே ஒரு தலைமுறை தூங்க விடாமல் செய்தவர். அவர் 1931-ல் ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். ஆரியர்கள், இயேசு, அல்லா பற்றிய அதிசயக் கண்டுபிடிப்புகள் என்று தலைப்பிலேயே போட்டு, ஐயங்கார்கள் எகிப்திலிருந்து வந்தவர்கள் என்பது போன்ற வாதங்களை முன்வைத்த நூல் அது. திகம்பர சாமியாரைப் படைத்த துப்பறியும் கதை மன்னர், தன் பெரிய கண்டுபிடிப்பைக் கதைக்குள் வைக்காமல் ஆராய்ச்சியாகவே அச்சிட்டார். அந்த ஆராய்ச்சியை இன்று யாரும் தேடுவதில்லை, கதைகள் மறுபதிப்பாகின்றன. டேன் பிரவுன் கண்டுபிடிப்பைக் கதையின் மடியில் உட்கார வைத்து ஓட்டினார், உலகம் நம்பியது. துரத்தல் நடக்கும்போது யாரும் ஆண்டைச் சரிபார்க்க நிற்பதில்லை. வாசகனின் காவல் தளர்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் 1099-ம் 325-ம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

2006-ல் விவகாரம் இரண்டு நீதிமன்றங்களுக்குப் போனது. ஒன்று லண்டன். 1982-ல் வந்த ‘புனித ரத்தமும் புனிதக் கிண்ணமும்’ என்ற பொருள்படும் நூலின் மூன்று ஆசிரியர்களில் இருவர், தங்கள் கருத்தைத் திருடிவிட்டார்கள் என்று நாவலை வெளியிட்ட பதிப்பகத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். இயேசுவின் சந்ததி, சீயோன் மடம் எல்லாம் அந்த நூலில் ஏற்கெனவே இருந்தவைதான். நாவலில் வரும் ஆங்கிலேய அறிஞரின் பெயரே அவர்கள் இருவரின் பெயர்களைக் கலைத்துப் போட்டுக் கோத்தது. ஏப்ரலில் வந்த தீர்ப்பில் அவர்கள் தோற்றார்கள். பொதுவான கருத்துகளுக்குப் பதிப்புரிமை கொண்டாட முடியாது என்பதுதான் சாரம். தாங்கள் எழுதியது வரலாறு என்று அவர்கள் சொன்னார்கள். வரலாறு என்றால் அது எல்லாருக்கும் பொது.

இன்னொன்று சென்னை. நாவலை ரான் ஹோவார்டு படமாக எடுத்து, டாம் ஹாங்க்ஸ் நடித்து, அந்த மே மாதம் வெளியிட்டார்கள். இந்தியாவில் தணிக்கைக் குழு ‘ஏ’ சான்று கொடுத்து, இது கற்பனை என்ற அறிவிப்பையும் சேர்க்கச் செய்தது. அதன் பிறகும் கோவா, பஞ்சாப், நாகாலாந்து, ஆந்திரம் ஆகிய மாநிலங்களோடு தமிழ்நாடும் படத்தை நிறுத்தியது. அமைதி கெடும் என்பது காரணம். படத்தை வெளியிட்ட நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தடையை ரத்து செய்தார்.

சட்டத்தில் இதற்கு அடிக்கல் போட்ட வழக்கே தமிழ்ப்பட வழக்குதான். இடஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தை ஒட்டி 1989-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, ஆர்ப்பாட்டம் நடக்கும் என்ற மிரட்டலுக்காகக் கருத்தை அடக்க முடியாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை என்று தெளிவாகச் சொன்னது. இதைப் பத்தாம் வகுப்புக் குடிமையியல் பாடத்தில் அடிப்படை உரிமைகள் வரும்போதெல்லாம் ஆசிரியர் சொல்லிக் கொடுத்து வந்தார். அதனால் படம் நிறுத்தப்பட்ட சேதி பேப்பரில் வந்த அன்று ஸ்டாஃப் ரூமில் அவர் குரல் உயர்ந்தது. கதைக்குப் போய் இவ்வளவு பயமா என்றார். குமுதத்தில் சுஜாதா ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ எழுதத் தொடங்கியதும் ஒரு தரப்பு எதிர்ப்பால் சில வாரங்களில் தொடர் நின்றதையும், பிறகு அவர் 1857 கிளர்ச்சியை வைத்து ‘ரத்தம் ஒரே நிறம்’ எழுதியதையும் சொன்னார். நின்று போன கதை நின்றதுதானே, அதில் என்ன இருந்திருக்கும் என்று இன்றைக்கும் யாருக்குத் தெரியும் என்று கேட்டார்.

கணக்கு டீச்சர் விடைத்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தவர், நிமிரவில்லை.

“கதைதானே டீச்சர்” என்று அவரைப் பார்த்தும் சொன்னார்.

“ஆமா சார், கதைதான்” என்றார் டீச்சர். அந்தக் குரலில் இருந்தது சம்மதம் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள ஆசிரியருக்கு ஐந்து வருடம் ஆயிற்று.

2011 நவம்பர். ‘டேம் 999’ என்ற ஆங்கிலப் படம் வெளிவரப் போவதாகச் சேதி வந்தது. கேரளத்தைச் சேர்ந்த சோஹன் ராய் எடுத்தது. ஓர் அணை உடைந்து மக்கள் சாகும் கதை. சீனாவில் 1975-ல் உடைந்த பான்சியோ அணையை நினைத்து எடுத்த படம் என்று விளக்கம் சொன்னார்கள். தேனி மாவட்டத்தில் அந்த விளக்கம் எடுபடவில்லை. 999 என்ற எண்ணுக்கு இங்கே ஒரே அர்த்தம்தான். முல்லைப் பெரியாறு அணைக்காக 1886-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு போட்ட குத்தகை 999 ஆண்டுகளுக்கு. பொறியாளர் பென்னிகுயிக் அதைக் கட்டி முடித்தது 1895-ல். 152 அடி வரை தேக்கக் கட்டிய அணையில், பாதுகாப்புப் பற்றிய அச்சம் கிளம்பி 1979-க்குப் பிறகு 136 அடியில் நிறுத்தினார்கள். நீர்மட்டத்தை உயர்த்துவது பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்த நேரத்தில், உடையும் அணையைத் திரையில் காட்டினால் பார்ப்பவர்கள் எதை நம்புவார்கள்?

பெரியாற்றுத் தண்ணீர் கெங்குவார்பட்டி வயல்களுக்கு வராது. அது சுருளியாற்றோடு சேர்ந்து வைகைக்குப் போகிறது. இந்த ஊருக்குப் பாய்வது தலையாறு அருவியாக மலையிலிருந்து விழுந்து மஞ்சளாறு அணைக்கு வரும் தண்ணீர். ஆனால் ஆசிரியரின் மனைவி பிறந்தது சின்னமனூரில். கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளையும் 14,707 ஏக்கரில் மாமனாரின் மூன்று ஏக்கரும் உண்டு. டிசம்பரில் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் பல்லாயிரம் பேர் குமுளியை நோக்கி நடந்தார்கள். இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போயிருந்தவர்கள் மூட்டை முடிச்சோடு திரும்பி வந்தார்கள். கூட்டத்தில் மைத்துனர்களோடு ஆசிரியரும் நடந்தார். தணிக்கைச் சான்று பெற்ற அந்தப் படத்தைத் தமிழ்நாடு அரசு அதற்கு முன்பே, நவம்பரிலேயே, தடை செய்திருந்தது. தடைச் சேதியைப் பார்த்த அன்று அவர் சரியான முடிவு என்று சொன்னார். அதே ஸ்டாஃப் ரூமில், அதே நாற்காலியில் உட்கார்ந்துதான் சொன்னார்.

இந்த முறை டீச்சர் நிமிர்ந்தார்.

“2006-ல என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா சார்? கதைதானே டீச்சர்னு சொன்னீங்க.”

“இது வேற டீச்சர். இது தண்ணிப் பிரச்சினை.”

“எங்களுக்கு அது சாமிப் பிரச்சினை சார்.”

அவ்வளவுதான் பேச்சு. மணி அடித்தது, இரண்டு பேரும் வகுப்புக்குப் போனார்கள். அன்றைக்கு அவர் எட்டாம் வகுப்பில் என்ன பாடம் எடுத்தார் என்பது அவருக்கு நினைவில்லை.

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை எடுத்தார். தாள் உள்ளேயே இருந்தது. ஒன்பது எண்களையும் மறுபடி படித்தார். ஆண்டு தப்பு, கணக்கு தப்பு, பெயர் தப்பு. எல்லாம் அவர் வருத்தங்கள். ஒரு வரலாற்று ஆசிரியரின் வருத்தங்கள். ஞாயிறு தோறும் கோயிலுக்குப் போய், சின்ன வயதிலிருந்து சிலுவைப்பாதையில் பதினான்கு நிலைகளிலும் முட்டி போட்டு வளர்ந்த ஒருத்தருக்கு எங்கே வலித்திருக்கும் என்று அந்தத் தாளில் ஒரு வரி இல்லை. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே தோன்றாமல் அவரிடமிருந்து ஆறு புத்தகங்களை இரவல் வாங்கியிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது.

இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தார். ஒன்று இரண்டாயிரம் வருட நம்பிக்கை. இன்னொன்று நூற்றுச் சொச்ச வருட அணை. ஒன்றில் வலிப்பது பிரார்த்தனை, இன்னொன்றில் வயல். ஆனால் காயம் பட்ட இடம் ஒன்றுபோலவே இருந்தது. அங்கே வாழாத ஒருவர் வேகமான ஒரு கதை கட்டுகிறார்; அங்கே வாழாத லட்சக்கணக்கானோர் அதைப் பார்த்துவிட்டு, இனி இதுதான் நடந்தது என்று நம்பப் போகிறார்கள். அப்படி நம்பியவர்களை வாழ்நாள் முழுக்கத் தேடிப் பிடித்துத் திருத்த யாராலும் முடியாது.

அதற்காகப் படத்தை நிறுத்தியதால் அணைக்கு என்ன நடந்தது என்றும் கேட்டுக்கொண்டார். அச்சத்துக்குப் பதில் தந்தது தடை ஆணை அல்ல. முன்னாள் தலைமை நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான குழு அணையைச் சோதித்து, பாதுகாப்பாக இருக்கிறது என்று 2012-ல் அறிக்கை கொடுத்தது. 2014 மே 7 அன்று 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அன்று சின்னமனூரில் மாமனார் வீட்டில் பாயசம். இலையில் உட்கார்ந்தபோது ஆசிரியருக்குத் தன் ஃபுல்ஸ்கேப் தாள் நினைவுக்கு வந்தது. அறிக்கையும் அப்படி ஒரு தாள்தானே. எண் போட்டு, ஒவ்வொன்றாக, இது இப்படி இல்லை, இது இப்படி என்று சொல்லும் தாள்.

பாரிஸில் சாங் சுல்பீஸ் கோயில் செய்ததும் அதைத்தான். அந்தக் கோயிலின் தரையில் ஓடும் பித்தளைக் கோடு ஒரு பழைய சமயத்தின் ரகசியக் குறி என்று நாவல் சொல்லியிருந்தது. படித்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து தரையைப் பார்த்தார்கள். கோயில்காரர்கள் கதவைச் சாத்தவில்லை. சுவரில் ஓர் அறிவிப்பை மாட்டினார்கள். இது பதினெட்டாம் நூற்றாண்டில் வானியலுக்காகப் பதித்த கோடு, அண்மையில் வந்த நாவலில் சொல்வது போல் இது எந்தப் பழைய சமயக் கோயிலின் மிச்சமும் அல்ல, கண்ணாடியில் தெரியும் இரண்டு எழுத்துகள் பேதுருவையும் சுல்பீஸையும் குறிப்பவை என்று விளக்கியிருந்தார்கள். இதைப் படித்தபோது ஆசிரியருக்கு மனசு நிறைந்தது. வந்தவர்கள் வரட்டும், படித்துவிட்டுப் போகட்டும் என்கிற அந்தத் தெம்பு அவருக்குப் பிடித்திருந்தது.

ஆனாலும் 2011 நவம்பரில் கம்பத்தில் ஒரு தியேட்டரில் அந்தப் படம் ஓடியிருக்க வேண்டும் என்று சொல்ல அவருக்கு இன்றைக்கும் வாய் வரவில்லை. வகுப்பில் 1989 தீர்ப்பைச் சொல்லிக் கொடுக்கும்போது இப்போதெல்லாம் கொஞ்சம் நிறுத்தித்தான் சொல்கிறார். பெருமாள்முருகன் ‘மாதொருபாகன்’ நாவலுக்காக 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அமைதிப் பேச்சு என்ற பேரில் எழுத்தையே விடும்படி ஆனதையும், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவரை எழுதச் சொல்லித் தீர்ப்பளித்ததையும் சொல்கிறார். பிடிக்காத புத்தகத்தை மூடி வைக்க வாசகனுக்கு உரிமை உண்டு என்கிறார். பிறகு, காயம் பட்டவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று முதலில் போய்க் கேளுங்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறார். இரண்டாவது வாக்கியம் பாடப்புத்தகத்தில் இல்லை. அது கணக்கு டீச்சரிடமிருந்து வந்தது.

டீச்சர் கடைசியில் நாவலைக் கேட்டு வாங்கிப் போனார். அது 2015-ல், பணி ஓய்வு பெற்ற பிறகு. “தப்புத்தப்பா இருக்குன்னு நீங்க எழுதி வச்ச தாளும் உள்ளயே இருக்கட்டும் சார், ரெண்டையும் சேத்துப் படிக்கிறேன்” என்றார். ஒரு வருடத்துக்கு மேல் புத்தகம் ராயப்பன்பட்டியிலேயே இருந்தது. ஆசிரியர் கேட்கவில்லை.

அந்த இடைவெளியில் ஒன்று நடந்தது. மகதலா மரியா யார் என்ற கேள்விக்கு மேற்கத்தியத் திருச்சபையில் பல நூற்றாண்டுகள் ஒரே பதில் சொல்லப்பட்டு வந்தது: மனம் திருந்திய விலைமகள். நற்செய்தி நூல்கள் எங்கேயும் அப்படிச் சொல்லவில்லை. கி.பி. 591-ல் திருத்தந்தை முதலாம் கிரகோரி ஒரு மறையுரையில், இயேசுவின் பாதத்தில் தைலம் பூசிய பெயர் தெரியாத பெண்ணையும் மகதலா மரியாவையும் ஒருத்தியாக்கிப் பேசினார். அது ஓவியங்களிலும் பிரசங்கங்களிலும் ஊறிவிட்டது. 1969-ல் வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோது ரோம் அந்தக் கலப்பைச் சத்தமில்லாமல் பிரித்தது. 2016-ல் திருத்தந்தை பிரான்சிஸ், ஜூலை 22-ல் வரும் அவரது நினைவு நாளைத் திருத்தூதர்களின் விழாக்களுக்கு இணையான விழாவாக உயர்த்தினார். உயிர்த்த இயேசுவை முதலில் கண்டு மற்றவர்களுக்குப் போய்ச் சொன்னவர் என்பதால் ‘திருத்தூதர்களுக்கே திருத்தூதர்’ என்ற பழைய பட்டத்தை ரோம் மறுபடியும் எடுத்துச் சொன்னது.

அந்த ஆண்டு ஆடி மாதக் காற்றில் டீச்சர் பஸ் ஏறி வந்தார். கெங்குவார்பட்டி நிறுத்தத்தில் இறங்கி, முகத்தில் அடித்த புழுதியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்து புத்தகத்தைக் கொடுத்தார். நல்லா இருந்துச்சா என்று ஆசிரியரின் மனைவி கேட்டார். “ராத்திரி மூணு மணி வரைக்கும் முழிச்சுப் படிச்சேன் அக்கா. கோவத்தோடதான் படிச்சேன்” என்றார் டீச்சர். மோர் குடித்தார். பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் போன பிறகு ஆசிரியர் தாளை விரித்தார். நீல மையில் தன் கையெழுத்தில் ஒன்பது வரிகள். மடிப்பில் தாள் கிழிந்திருந்த இடத்தைப் பின்பக்கம் காகிதம் ஒட்டிச் சரி செய்திருந்தார் டீச்சர். அதற்குக் கீழே, விடைத்தாள் திருத்தும் சிவப்பு மையில், பத்து என்று எண் போட்டு ஒரு வரி. மகதலா மரியா விலைமகள் இல்லை என்று இந்தக் கதையில் சொல்லியிருப்பது சரி என்று எழுதி, பக்கத்தில் ஒரு டிக் போட்டிருந்தார்.